ஆரோக்கியசாமி தூங்கக் கூடாது

என் மகள் சைராவுக்கு வந்திருப்பது தொண்டை அடைப்பான் என்று ஆம்பூர் டாக்டர் சொன்னபோது உச்சிவெயில். உடனே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், சாயங்காலம் வரை தாங்காது என்று அவர் என் கணவரிடம் சொன்னது, உள்ளறையில் நின்றிருந்த எனக்கும் கேட்டது. மூன்று வயதுக் குழந்தை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் சீழ்க்கை அடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்கவும் பயமாக இருந்தது. அது நின்றுவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

வீட்டில் மோட்டார் இருந்தது. என் கணவர் தோல் மண்டி ரஷீத் அஹமது; அவர் வீட்டில் மோட்டார் இல்லாமலா? அதை ஓட்டுகிறவன் ஆரோக்கியசாமி. இரண்டு இரவுகளாக அவன் கண்ணை மூடவில்லை. ஓர் இரவு என் கணவரைப் பட்டணத்துக்கு அழைத்துப்போனான், மறுநாள் இரவே திருப்பி ஓட்டிவந்தான். விடிந்து வந்து சேர்ந்தவனை, யாரோ ஏஜெண்டை அழைத்துவரச் சொல்லி ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்கு விரட்டினார்கள். அங்கிருந்து வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் நாங்கள் கூப்பிட்டோம். “என் டிரைவருக்குத் தூக்கமே கிடையாது” என்று என் கணவர் மண்டியில் பெருமை அடித்துக்கொள்வது வழக்கம். பின் சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டு போகிறவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியுமோ.

அன்று பின் சீட்டில் சைராவை மடியில் போட்டுக்கொண்டு நான். முன்னால் டிரைவர், பக்கத்தில் என் கணவர். நடுவே பச்சைத் திரை. வண்டியை நிறுத்த வேண்டுமானால் நான் கை தட்ட வேண்டும். அவர் கேட்டு டிரைவரிடம் சொல்வார். என் குரல் வேற்று ஆணின் காதில் விழக் கூடாது. நிக்காஹ் ஆகி வந்ததிலிருந்து ஆரோக்கியசாமி என் குரலைக் கேட்டதே இல்லை.

சக்கரம் உருண்டால் என் கணவருக்குத் தூக்கம் வந்துவிடும். மாதனூர் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. நான் திரையின் ஓரத்தை விலக்கி, பாதை இன்னும் எவ்வளவு என்று பார்த்தேன். அப்போதுதான் ஆரோக்கியசாமியின் பிடரி கண்ணில் பட்டது. அது மெல்ல முன்னால் சரிந்தது. திடுக்கென்று நிமிர்ந்தது. மறுபடியும் சரிந்தது.

கை தட்டினேன். என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வளையல் உடையும்படி ஓங்கித் தட்டினேன். “ம்ம், வந்துடுச்சி” என்று தூக்கத்திலேயே முனகினார் என் கணவர்.

எதிரே பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாக வந்தன. வண்டிக்காரர்களும் தூங்கிக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் அங்கே மாடு விழித்திருக்கிறது, ஒதுங்கிப் போகும். எங்கள் மோட்டாரில் மாடு ஏது? மோட்டார் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு நேரே முதல் வண்டியைப் பார்த்துப் போயிற்று. கொம்புகள் கிட்டே கிட்டே வந்தன.

“ஆரோக்கியசாமி, முழிச்சிக்கோ.”

என் தொண்டையிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அவன் பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடித்தான். மோட்டார் மாட்டை உரசாமல் பாதையை விட்டு இறங்கி, புளியமரத்துக்கு ஒரு சாண் இப்பால் நின்றது. சைரா வீறிட வாயைத் திறந்தாள். அழுகை வரவில்லை, சீழ்க்கைதான் வந்தது.

“இன்னாடா ஆச்சி?” என்றார் என் கணவர்.

“ஆடு ஒண்ணு குறுக்க வந்துச்சி, மொதலாளி.” என்றான் ஆரோக்கியசாமி.

நான் திரையைத் தள்ளினேன். “ஆடும் இல்ல, மாடும் இல்ல. அவன் தூங்கிட்டான். ரெண்டு ராத்திரியா நீங்க அவனத் தூங்க விடல.”

என் கணவரின் முகம் கறுத்தது. மரத்தில் மோதப்போனதைவிட நான் வாய் திறந்ததுதான் அவரை அதிகமாக உலுக்கியது என்று நினைக்கிறேன். உள்ளே இரு என்று உருதுவில் சொன்னார். அவனையே ஓட்டச் சொல்வதைத் தவிர வேறு வழியும் இல்லை. பஸ் சாயங்காலம்தான், அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆரோக்கியசாமி கேனிலிருந்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு ஏறினான். “தூங்காதடா” என்று அவனுக்கு உத்தரவு போட்டார். உத்தரவு போட்டால் தூக்கம் போய்விடுமா? லைசென்ஸ் இருக்கிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று போலீஸ்காரர் பார்ப்பார். டிரைவர் ராத்திரி தூங்கினானா என்று கேட்க இங்கே நாதியில்லை.

சிறிது தூரம் போனதும் அந்தப் பிடரி மறுபடி சரிந்தது.

“ஆரோக்கியசாமி, உனக்கு எத்தினி புள்ளைங்க?” என்றேன்.

அவன் என் கணவரைப் பார்த்தான். அவர் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாலும்மா” என்றான்.

நாலு பேரின் பெயரையும் கேட்டேன். என்ன படிக்கிறார்கள், யார் சேட்டை, யார் சாது, பண்டிகைக்கு என்ன சமைப்பார்கள், அவன் மனைவி இன்பம் எந்த ஊர்ப் பெண் என்று கேட்டேன். பதில் சொல்லும்போதெல்லாம் அவன் நிமிர்ந்திருந்தான். மடியில் மூச்சு மெலிந்துகொண்டே வந்தது. குழந்தையின் நெஞ்சில் ஒரு கை, திரையில் ஒரு கை, வாயில் பேச்சு. அவன் மூத்த பெண்ணைப் பெண் பார்க்க வந்தார்களாம். பள்ளிகொண்டா தாண்டியபோது எனக்குப் பேச்சு வற்றிப்போயிற்று. நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன் தோள் தொய்ந்தது.

என் கணவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “நிறுத்தாத. கேளு. அந்தப் பொண்ணப் பாக்க வந்தவங்க அப்புறம் இன்னா சொன்னாங்க?”

கேட்டேன். விரிஞ்சிபுரத்துக் கோபுரம் போயிற்று. பாலாற்று மணல் போயிற்று. சைராவின் உதடு நீலமாகிவிட்டது. பாத்திரம், பண்டம், மழை, மாமியார் என்று எதையெதையோ கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் ஆரோக்கியசாமி ஸ்டியரிங்கின் மேலேயே கவிழ்ந்து தூங்கிப்போனான். நான் குழந்தையோடு ஓடினேன். நர்ஸ் அவளை வாங்கிக்கொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“யாருகிட்டம்மா பேசிட்டே வர்றீங்க?”

அப்போதுதான் என் வாய் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் நிறுத்தினால் உள்ளே அவள் மூச்சும் நின்றுவிடும் என்று பயந்தேன். டாக்டரம்மா வெளியே வந்து, தொண்டையில் குழாய் வைத்திருக்கிறோம், பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லும்வரை அந்த வராந்தாவில் நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன்.