வாடாத கொடி

ரோஜா தலையைத் தொங்கப்போட்டிருந்தது. கொடி ஜம்மென்று நின்றது. தையல்காரி கையில் தண்ணீர்ச் செம்போடு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வாட வேண்டியது கொடி. காலையில் அதன் தண்டைத்தான் அடியோடு வெட்டியிருந்தாள். அப்படித்தான் இந்த நிமிடம் வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

செம்பைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டாள். வெட்டிய தண்டைக் கீழிருந்து மேலாக விரலால் தடவிக்கொண்டே போனாள். அடியில் வழவழவென்று கிழட்டுக் கட்டையாகத்தான் இருந்தது. முழங்கால் உயரத்தில் சுருக்கென்று ஒரு முள் குத்தியது. சங்குப்பூக் கொடிக்கு ஏது முள்?

"ஐயையோ" என்றாள், சத்தம் வெளியே வராமல். நாலு எட்டு தள்ளி ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே கட்டில். கட்டிலில் டெலிபோன் அக்கா.

அக்கா என்றால் கணவனின் அக்கா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சை இணைத்தவள். கல்யாணம் வேண்டாம் என்றாள், வேண்டாம்தான். யாராவது பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தால் போதும், "லைன்ல இருக்கியா?" என்று கேட்பாள். தெருவில் அவளுடைய நிஜப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

அந்தப் பன்னீர் ரோஜா அவளுடையது. எக்ஸ்சேஞ்சின் பின்பக்கம் கேட்பாரற்றுக் கிடந்த புதரிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து வந்து வைத்தாள். பழைய காலத்து ரகம். வெயிலுக்கும் மழைக்கும் பூச்சிக்கும் மசியாதது. பூ சிறிதுதான், வாசனை தெருமுனை வரை போகும். கொடி தையல்காரியுடையது. கல்யாணமாகி வந்த புதிதில், ரோஜாவின் காலடியில் மண் சும்மா கிடக்கிறதே என்று யாரையும் கேட்காமல் நாலு விதையைப் போட்டுவிட்டாள். அக்கா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வேலிச் சட்டத்தில் ரோஜாவும் நீலமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பூத்தன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சண்டை ஓயவில்லை, வேறு பக்கம் திரும்பியது.

"எல்லாரும் என் ரோஜாவைத்தான் பாக்கறாங்க" என்பாள் அக்கா.

"என் கொடி இல்லேன்னா உங்க ரோஜா வெறும் முள்ளுக் குச்சிக்கா" என்பாள் இவள்.

இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. ஆனால் கத்தரி மட்டும் அக்காவின் கையை விட்டுப் போனதில்லை. கொடி மண்டினால் அவளேதான் கழிப்பாள். அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. அடித்தண்டை வெட்டிவிட்டுக் கொடியை அப்படியே விட்டுவிட வேண்டும். பச்சையாக இழுத்தால் ரோஜா மொட்டுகளும் கூடவே வந்துவிடும். வாடிக் காய்ந்தபின் எடுத்தால் நூல் பிரிவதுபோல் தானாகக் கழன்று வரும்.

போன வாரம் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேட்டதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். இன்று காலை அக்கா கேட்டதே இதைத்தான்.

"உன் நீலத்துக்கு நடுவுல ஒரு மொட்டு எட்டிப் பாக்குதுடி. நாளைக்கு விரிஞ்சிடும். கொடியைக் கொஞ்சம் கழிச்சு விடு. போறதுக்குள்ள பாத்துட்டுப் போறேன்." சொல்லிவிட்டுத் தலையணைக்கு அடியிலிருந்து கத்தரியை எடுத்து நீட்டினாள்.

ஆஸ்பத்திரியில்கூடச் சிந்தாத கண்ணீர் அந்தக் கத்தரியை வாங்கியதும் பொலபொலவென்று கொட்டியது. கண் தெரியாமல் எதையோ பிடித்தாள், நறுக்கென்று வெட்டினாள். நல்ல துணியைத் தப்பாக வெட்டிவிட்டு ஒட்டுப் போட்டுச் சமாளித்தது உண்டு. இதற்கு எங்கே ஒட்டுப் போடுவது?

சாப்பிட வந்த கணவன், பேயறைந்த மாதிரி அவள் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தான். எலக்ட்ரீஷியன். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் காலம் தள்ளியதில் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டவன். அவள் முள் குத்திய விரலையும் வெட்டிய தண்டையும் காட்டினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கடையில ரோஜா வாங்கிட்டு வந்து நூல்ல கட்டிடலாமா?" என்றான் கிசுகிசுப்பாக.

"உங்க அக்காவுக்குக் கடை ரோஜா தெரியாதாக்கும். ஆஸ்பத்திரிக்கு யாரோ கொண்டுவந்ததைப் பாத்துட்டு, 'இது பிளாஸ்டிக்குக்கு ஒண்ணுவிட்ட தம்பி'ன்னு சொன்னவங்க."

அவன் தலையைச் சொறிந்தான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான்.

"பூவை வெட்டித் தண்ணியில வெச்சா மறுநாள் விரியுதில்ல? இதுவும் வெட்டின பூதானே. காம்பு கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்."

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

ஜன்னலுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு இருவரும் போனார்கள், வந்தார்கள். அவன் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தான். அவள் தண்டின் வெட்டுப்பட்ட முனையைச் சரிவாக இன்னொரு தடவை நறுக்கி அதற்குள் இறக்கினாள். பாட்டில் சாயாமல் இருக்க அவன் அதைச் சட்டத்தோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றினான். சுற்றும்போது பாவி மனிதனுக்கு இருமல் வந்துவிட்டது.

"யாரது?" என்றது ஜன்னல்.

"பூனைக்கா!" என்றாள் அவள்.

"பூனைக்கு இருமல் மருந்து இருந்தாக் குடு."

அன்று பொழுது சாயும்வரை தையல் மிஷின் பக்கமே அவள் போகவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நாளைக்குள் மொட்டு விரியாவிட்டால் அக்கா என்ன நினைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள்? விளக்கு வைக்கும் நேரத்துக்கு இலைகள் மெல்ல நிமிரத் தொடங்கின. அவள் கணவனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவன் திருதிருவென்று விழித்தான்.

மறுநாள் விடிந்ததும் அக்காவின் குரல்தான் எழுப்பியது. "ஏய், வாடி இங்க!"

ஓடினாள். நீலப் பூக்களுக்கு நடுவே ரோஜா ஒன்று முழுசாக விரிந்திருந்தது. வாசனை ஜன்னலைத் தாண்டி அறைக்குள் வந்திருந்தது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. தையல்காரிக்கும் மனசு பூரித்துப் போயிற்று.

"நல்லாப் பூத்திருக்குடி" என்றாள் அக்கா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒண்ணு கேக்கறேன். நேத்து வெட்டின கொடி இன்னும் ஏன் வாடல?"

இவள் வேலியைத் திரும்பிப் பார்த்தாள். ரோஜாவுக்கு அவ்வளவு பாடுபட்டவளுக்குக் கொடியின் ஞாபகமே வரவில்லை.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்கா."

"ரோஜாவை வெட்டிட்டியா?"

"கண்ணு தெரியலக்கா" என்றாள், அழுகையும் சேர்ந்து வர.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கட்டில் குலுங்கச் சிரித்தாள். "பூனை இருமுறப்பவே நெனச்சேன். பாட்டில் சத்தமும் காதுல விழுந்துச்சு. அழாத, சனியனே. அது பழைய வேர். யார் வெட்டினாலும் கோச்சுக்காது, மறுபடி துளிர்க்கும். பாட்டில் தண்ணிய மட்டும் தினம் மாத்து. இன்னொரு மொட்டு இருக்கு பாரு."

"சரிக்கா. கொடியை இப்பவே வெட்டிடறேன்."

"வேணாம். நீலம் பக்கத்துல இருந்தாத்தான் இது எடுப்பா இருக்கு."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருடம் காத்திருந்தாள்! கேட்டபோது ஜெயித்த மாதிரியே இல்லை. காபி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து, பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

டம்ளரோடு திரும்பியபோது அக்கா ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பியிருந்தாள். உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது.

"அக்கா" என்றாள். இன்னும் கிட்டப் போனாள். "அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

காபி ஆறிப்போனது.

சாயங்காலம் வீடு நிறைந்தது. எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, வேலைக் காலத்துப் பழக்கத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசினார்கள். அக்கா யார் யாரை எப்படித் திட்டினாள் என்று ஒருத்தி நடித்துக் காட்ட, அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். கிளம்பும்போது அவர்கள் வேலியருகே நின்று, "ரெண்டும் சேர்ந்து எவ்வளவு அழகா இருக்கு!" என்றார்கள். அடியில் இருந்த பாட்டிலை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி துணைக்கு உட்கார்ந்திருந்தாள். தையல்காரி சட்டென்று எழுந்தாள்.

"எங்க போறே? உக்காரு."

"இதோ, தண்ணி மாத்திட்டு வந்துடறேன்."

குழாயடியில் கணவன் ஏற்கெனவே செம்பை நிரப்பிக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் டேப் சுருள் துருத்திக்கொண்டிருந்தது. இருவரும் வேலிப் பக்கம் நடந்தார்கள். ஜன்னல் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, சத்தம் போடாமல் அதைக் கடந்தார்கள்.