மூக்காயியின் நாலாவது கட்டம்

தொழிற்சாலை பஸ் தாசேக் சாலைக்கு வந்ததும் ராக்காயி மடியிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து வார இதழை வெளியே எடுத்தாள். காலையில் ஏறும்போதே வாங்கியதுதான். ஆனால் வேலை முடிந்து திரும்பும்வரை அதை யாரும் பிரிக்கக் கூடாது என்பது அந்த பஸ்ஸின் சட்டம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வர வேண்டும். பின் வரிசையிலிருந்து கைமாறிக் கைமாறி இதழ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நவமணியிடம் வந்து சேர்ந்தது.

பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் பால் வாளியோடு வளர்ந்தவர்கள், பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர்கள். பாப்பா என்பவளைப் போன்ற இளம் பெண்கள் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. காம்பார் பக்கத்துத் தோட்டத்தில் ஆறாம் வகுப்புவரை தமிழ் படித்த நவமணிதான் அத்தனை பேருக்கும் வாய்.

எப்போதும் முதலில் கடைசிப் பக்கம். 'முணுமுணு மூக்காயி.' நாலு கட்டங்களில் ஒரு கேலிப்படம். பெரிய மூக்குத்தி, இழுத்துச் செருகிய சேலை, உலகத்தில் எதைப் பார்த்தாலும் ஒரு குறை. இதுதான் மூக்காயி. நவமணி படத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு மூக்கால் இழுத்துக் கரகரவென்று படிப்பாள். அந்தக் குரலுக்காகவே முன்னால் இருக்கும் மலாய் டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்.

பஸ்ஸில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. படத்தின் மூலையில் 'வால்காக்கா' என்று கையெழுத்துப் போடும் ஆள் நவமணியின் கணவன் ஐயாவு. ஈப்போவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். மூக்காயியின் குறைகளெல்லாம் நவமணியுடையவை.

அது எப்படித் தொடங்கியது என்று அவளுக்கே சரியாக ஞாபகமில்லை. சாப்பிட்டு முடித்து ஐயாவு மேசையைத் துடைத்துக்கொண்டு கேட்பான், "இன்னிக்கு என்ன எரிச்சல், மணி?" அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வாள். ஒரு வாய்த் தண்ணீரை மட்டும் மிச்சம் விட்டு ஜாடியைத் திரும்ப மூடி வைக்கிறவர்கள். 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிறவர்கள். டிவியில் புள்ளி விழுந்தால் அது ஏதோ தப்புச் செய்த மாதிரி மண்டையில் அடிக்கிற ஆண்கள். ஒருநாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பூனை எலியத் தொரத்துது, எலி பூனையத் தொரத்துது, வீடு முழுக்க பீங்கான் ஒடையுது. கடைசி வரைக்கும் யாரு கூட்டிப் பெருக்குறதுன்னு மட்டும் காட்ட மாட்றான். பொம்பள வரஞ்சிருந்தா மொதல்ல தொடப்பத்ததான் வரஞ்சிருப்பா." ஐயாவு கண்ணில் நீர் வரச் சிரித்தான். அடுத்த வாரம் மூக்காயி டிவிப் பெட்டிக்குள் துடைப்பத்தோடு இறங்கி, பூனையையும் எலியையும் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. பகலெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரைவிட மெல்லிய கம்பியை மின்னணுச் சில்லில் ஒட்டுகிற வேலை. அங்கே அவள் கைதான் வேண்டும், வாய் வேண்டாம். வீட்டில் அவள் சொல்வதை ஒருவன் பேனாவோடு காத்திருந்து கேட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளை அவ்வளவு உற்றுக் கேட்டது அந்த மேசையில்தான். தபாலில் அனுப்புமுன் படத்தை அவளிடம் காட்டுவான். அவள் தலையாட்டிய பிறகுதான் உறையை ஒட்டுவான்.

ஒன்றே ஒன்றை மட்டும் போடக் கூடாது என்று கேட்டிருந்தாள்.

சிலிபினில் அவள் இறங்கும் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சீனர் காப்பிக்கடை. உள்ளே கடைசியில், வாசலுக்கு நேராக, சோடாப் பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வீடியோ கேம் பெட்டி வந்து உட்கார்ந்தது. மேலிருந்து பூச்சி மாதிரி எதிரிகள் இறங்குவார்கள், கீழே நம் விண்கலம் ஓடி ஓடிச் சுட வேண்டும். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியவள் சில்லறைக்காசு போட்டுப் பார்த்தாள். கை தானாக ஓடியது. தொழிற்சாலையில் சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் நின்று 'இன்னும் வேகம், இன்னும் வேகம்' என்று அவசரப்படுத்துகிற அதே கை. இங்கே அந்த வேகம் யாருக்கும் போய்ச் சேரவில்லை, அவளிடமே இருந்தது. அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது அவளை யாரும் அம்மா என்றோ அக்கா என்றோ கூப்பிடவில்லை. பிள்ளைகளுக்கு மத்தியானப் பள்ளி, ஐயாவு வர இருட்டிவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று கோயில் கமிட்டி கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. சீருடை போட்ட கல்யாணமான பெண் அங்கே நிற்கிறாள் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஐயாவுவிடம் மறைக்கவில்லை. தானாகவே சொன்னாள். சொல்லும்போது வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

"இதப் படத்துல போட்டுறாதீங்க. இது எரிச்சல் இல்ல."

"இதப் போய் யாராச்சும் போடுவாங்களாலா?" என்று ஐயாவு சிரித்தான்.

இந்த வாரம் படத்தை அவன் அவளுக்குக் காட்டவில்லை. காம்பாரில் அவசரமாக ஒரு பெயர்ப்பலகை, அப்படியே தபாலில் போட்டுவிட்டேன் என்றான். அவளும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பஸ்ஸில் நவமணி கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். வழக்கம்போல் முதலில் படத்தைத் தூக்கிக் காட்டினாள். காட்டிய பிறகுதான் அவளே பார்த்தாள்.

முதல் கட்டத்தில் மூக்காயி காப்பிக்கடை வாசலில் நின்று பையன்களைத் திட்டுகிறாள். இரண்டாவதில் தெருவின் இரண்டு பக்கமும் திருட்டுப் பார்வை பார்க்கிறாள். மூன்றாவதில் முதுகு மட்டும் தெரிகிறது. சேலை இல்லை, காலர் வைத்த சீருடை. பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள். நாலாவதில் வீடு. காலித் தட்டோடு கணவன். வாசலில் மூக்காயி.

"என்னலா, படி," என்றாள் ராக்காயி.

பஸ் முழுக்கக் காத்திருந்தது. இருக்கைகளின் மேல் கையை ஊன்றிக் கழுத்தை நீட்டிக்கொண்டு எல்லா முகமும் அவள் வாயைப் பார்த்தன. நவமணி மூக்கால் இழுத்துப் படித்தாள். வேறு எப்படிப் படிப்பது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியவில்லை. "இந்தச் சனியன் பெட்டியாலதான் புள்ளைங்க கெட்டுப் போவுதுங்க." சிரிப்பு. "யாரும் பாக்கலியே?" சிரிப்பு. "சுடு, சுடு, இந்தா வாங்கிக்க." பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். நாலாவது கட்டத்தில் ஒரே வரிதான் இருந்தது. அதையும் படித்தாள். "ஓவர்டைம்ங்க."

பஸ்ஸே குலுங்கியது. ராக்காயி இதழைத் தன் பக்கம் இழுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏய், இங்க பாரு. செருப்பக் கழட்டிப்புட்டு ஒத்தக் கால்ல நிக்குறா, இன்னொரு கால் கெண்டைக்கால சொறியுது. நம்ம நவமணி பஞ்ச் கார்டுக்கு வரிசையில நிக்குற மாதிரியே இருக்குலா."

"ஐயோ ஆமாக்கா," என்றாள் பாப்பா. "இவங்க எறங்குற இடத்துலயும் இந்த மாதிரி கடை ஒன்னு இருக்கு. நவமணிக்கா, நெசத்தச் சொல்லுங்க, நேத்து ஓவர்டைமா?"

நவமணியும் சிரித்தாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் காலைப் பார்த்தாள். அப்படி நிற்பது அவளுக்கே தெரியாது. தனக்கே தெரியாததை யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. மூன்றாவது கட்டத்தில் பெட்டியின் ஒரு காலுக்கு அடியில் மடித்துச் செருகிய சிகரெட் அட்டை இருந்தது. அதையும் அவள் சொன்னதில்லை.

சிலிபினில் இறங்கியபோது ஜன்னலில் இரண்டு மூன்று தலைகள் நீண்டன. "மூக்காயிக்கா, நேரா வீட்டுக்குப் போங்க." அவள் கையாட்டிவிட்டுக் கடைப் பக்கம் திரும்பாமல் நடந்தாள்.

ஐயாவு வந்தபோது பிள்ளைகள் உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். விரல்களில் இருந்த பெயிண்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே மேசைக்கு வந்தான். நவமணி ராக்காயியிடம் கேட்டு வாங்கி வந்த இதழ் அங்கே கடைசிப் பக்கம் மேலாகக் கிடந்தது. அவன் முகம் மலர்ந்தது. ஆசிரியர் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டதாகவும், பட்டறை போனிலேயே பேசியதாகவும், இதுவரை வந்ததிலேயே இதுதான் உச்சம் என்று சொன்னதாகவும் சொன்னான். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தான் போல. கோபத்துக்கு முன்னால் நல்ல சேதியைச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் அவன் பேச்சில் இருந்தது.

"கடைக்கு எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள்.

அவன் துணியை மடித்தான். பிறகு விரித்தான்.

"ஒருநாள் வேல சீக்கிரம் முடிஞ்சிருச்சு. ஒன்னயும் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போலாம்னு கடைக்குள்ள வந்தேன். நீ ஆடிக்கிட்டிருந்த."

"கூப்புடலியே."

"கூப்புட்டா திரும்பியிருப்ப. அப்புறம் அந்த மாதிரி நிக்க மாட்ட."

ஆறுதலாகச் சொல்கிறோம் என்று நினைத்து மிச்சத்தையும் சொன்னான்.

"அவ்வளவு நல்லா இருந்துச்சு, மணி. ஒன்ன அப்படி நான் பாத்ததே இல்ல. மறுநாளும் வந்தேன். அன்னிக்குத்தான் பேப்பர் கொண்டாந்தேன்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடந்த தையல்கடையின் ஐந்தடி நடைபாதையில் நின்று அவன் அவளை வரைந்திருக்கிறான். அவள் விண்கலத்தை இடமும் வலமும் ஓட்டி, உலகத்தில் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக நின்ற அந்த நேரம் முழுக்க, பின்னால் ஒரு பென்சில் ஓடியிருக்கிறது. நவமணிக்குத் தன் முதுகு திடீரென்று குளிர்ந்த மாதிரி இருந்தது.

"போட வேணாம்னு சொன்னேன்."

"பேரு போட்டேனா? மொகம் போட்டேனா? முதுகுதானேலா. முதுகப் பாத்து யாரு கண்டுபுடிக்கப் போறா?"

"பஸ்ஸுல கண்டுபுடிச்சாங்க. நான்தான் படிச்சேன்."

அவள்தான் படித்துக் காட்டுவாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு சிரித்தார்கள் என்று வாராவாரம் அவளிடமே கேட்பான்.

"எனக்கு ரொம்ப மாலுவா, வெக்கமா இருந்துச்சு," என்றாள் நவமணி. "அதக்கூட விடுங்க. நான் ஒங்ககிட்ட ஓவர்டைம்னு என்னிக்காச்சும் பொய் சொன்னேனா?"

"அது சிரிப்புக்கு."

"சொன்னேனா?"

"இல்ல." அவன் குரல் இறங்கியது. "பொண்டாட்டி புருசங்கிட்ட உள்ளத சொல்லிட்டுத்தான் போயி ஆடுறான்னு போட்டா யாரு சிரிப்பா, மணி?"

அவன் சொன்னது சரிதான் என்பதுதான் அவளுக்கு வலித்தது. அவள் கொடுத்த உண்மை சிரிப்புக்கு உதவாது என்று எடை போட்டு, அந்த இடத்தில் பொய்யை வைத்துத் தைத்திருக்கிறான். இனிமேல் ஊருக்குத் தெரிந்த மூக்காயி புருஷனை ஏமாற்றுகிறவள். அதை அவளே அவளுடைய குரலில் உரக்கப் படித்தும் காட்டிவிட்டாள். அவள் எழுந்து சோற்றை வடித்தாள். சாப்பாடு நன்றாக இருப்பதாக ஐயாவு இரண்டு முறை சொன்னான்.

பஸ்ஸில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. ராக்காயி தன் பலகாரத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, "மூக்காயி, தின்னுலா" என்பாள். அடுத்த வாரம் இதழ் கைமாறி வந்தபோது நவமணி தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிக் குரலை இழுக்காமல் படித்தாள். அதற்கடுத்த வாரமும் அவள் தொண்டை சரியாகவில்லை.

வீட்டில் ஐயாவு மேசையைத் துடைத்துவிட்டுக் கேட்பான். கேட்குமுன் இப்போது சற்றுத் தயங்கினான்.

"இன்னிக்கு என்ன எரிச்சல்?"

"ஒன்னும் இல்ல."

"ஒன்னுமேவா?"

"ஒன்னுமே இல்ல."

எரிச்சல்கள் இல்லாமல் இல்லை. நடக்கிறவள் சட்டென்று நடுவழியில் நின்றால் பின்னால் வருகிறவள் என்ன செய்வாள்? கழிவறைக் குழாயை இறுக்கி மூடாமல் சொட்டவிட்டுப் போகிறவளின் கையில் என்ன வலு இல்லையா? எல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றன. சொன்னால் அவன் சிரிப்பான். அவன் சிரித்தால் அவளும் சிரித்துவிடுவாள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் பாத்திரத்தைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். ஐயாவு தாளில் நாலு கட்டம் போட்டு வைத்துக்கொண்டு, மாமியார், மருமகள், மார்க்கெட் விலை என்று தானே ஏதோ யோசித்தான். நடுநடுவே நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அவள் கை நின்றது.

ஒரு மத்தியானம், பஸ் கண்ணிலிருந்து மறைந்த பிறகு, நவமணி காப்பிக்கடைக்குள் போனாள். கடை முதலாளி தவுக்கே ஒன்றும் கேட்கவில்லை, வழக்கம்போல் சில்லறை மாற்றித் தந்தார். பெட்டி காலியாகத்தான் இருந்தது. அவள் காசு போட்டாள். பூச்சிகள் இறங்கின. முதல் வரிசையைச் சுட்டு முடிக்குமுன் திரும்பி வாசலைப் பார்த்தாள். சாலையில் ஒரு சைக்கிள் போயிற்று, அவ்வளவுதான். மறுபடி திரும்பினாள். கால்களைச் சேர்த்து வைத்து, செருப்போடு, நேராக நின்றாள். அப்படி நின்றால் கை ஓடவில்லை. இன்னொரு முறை வாசலைப் பார்த்துத் திரும்பியபோது கலம் வெடித்திருந்தது.

கையில் இன்னொரு காசு இருந்தது. அதைப் போடவில்லை. ஒரு காப்பி-ஓ கேட்டு வாங்கி, பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து, சாலையைப் பார்த்தபடி நின்றாள். தையல்கடை ஐந்தடியில் யாரும் இல்லை. காப்பி ஆறுகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெட்டி தன்பாட்டுக்கு வெளிச்சம் போட்டது. யாரும் கைவைக்காமலேயே விண்கலம் இடமும் வலமும் ஓடியது. பூச்சிகளைச் சுட்டது, தப்பித்தது, வெடித்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.