நான்காம் குறிப்பு

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: தங்கதுரையாகிய நான், என் மனைவி கொளஞ்சியம்மாள், திருக்கோவிலூரில் ஆசிரியையாக இருக்கும் எங்கள் மகள் நிர்மலா, என் சித்தப்பா மகன் இருசப்பன். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள்.

நிர்மலாவுக்கு விடுமுறையில் ஒரு பழக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. அதில் பிறர் எழுதும் கட்டுரைகளைப் படித்து நிறை குறை சொல்வாள். அன்று அவளிடம் இருந்தது ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஒரே ஒரு பகுதியைப் பற்றிய கட்டுரை. ஒரு நாள் அரை மணி நேரம் ஓடி முடிந்ததற்கு ஒரு கட்டுரையா என்று கேட்டேன். அப்படியும் எழுதுவார்கள் என்றாள். கதை நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் நடக்கிறது, சடங்குகள் சரியாக இருக்கின்றனவா என்று சொல்லுங்கள் என்றாள். சரியான ஆளிடம்தான் கேட்டாள். எங்கள் வகையறாவில் நல்லது கெட்டது எதுவானாலும் முறை சொல்கிறவன் நான்.

அவள் வாசித்தாள். ஒரு குடியானவர் வீட்டுப் பெண், கரும்பு வெட்ட வந்த மலைக்காரரோடு போய்விடுகிறாள். தகப்பன் அவள் காய்ச்சலில் செத்துவிட்டதாக ஊரில் சொல்லி, பதினாறாம் நாள் கருமாதி வைக்கிறார். ஏரிக்கரையில் கல் நட்டு, பாலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

“நிறுத்து. தப்பு. எடுக்கச் சொல்லு” என்றேன்.

“குத்தத்த மட்டும் சொல்லக் கூடாதுப்பா. நல்லா இருக்கறத மொதல்ல சொல்லணும். எழுதனவங்க திருத்திக்கறாப்பல சொல்லணும்.”

“நெல்லுல கல்லு கெடந்தா, நெல்லு நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுதான் கல்லப் பொறுக்குவியா?”

“ஒங்கப்பாவுக்கு சோத்துல உப்பு சரியா இருந்தாகூட வாயால சொல்ல வராது” என்றாள் கொளஞ்சியம்மாள். இருசப்பன் சிரித்தான்.

நிர்மலா தட்டெழுதினாள். கட்டுரை தெளிவாக இருக்கிறது. கதைச் சுருக்கம் நீளம், பாதியாகக் குறைக்கலாம். ‘நெஞ்சை உலுக்கும்’ என்பது விளம்பரச் சொல், கலைக்களஞ்சியத்துக்கு ஆகாது. படப்பிடிப்பு பற்றிய செய்திக்குச் சான்று வேண்டும். இந்த மூன்றும் அவளுடையவை. நான்காவது குறிப்பை நான் சொன்னேன்: கருமாதிக் கல்லுக்கு ஊற்றுவது பால், தண்ணீர் அல்ல. ஊற்றுகிறவர் கல்லைப் பார்க்காமல் முகத்தை மேற்கே திருப்பிக்கொள்ள வேண்டும். என் தங்கை கண்ணகிக்கு நான் அப்படித்தான் ஊற்றினேன், தகப்பனாருக்கும் அப்படியே.

“நம்ம வகையறாவுக்கே உள்ள மொற அது. அதையும் போடும்மா” என்றான் இருசப்பன்.

சாப்பிட்டு எழுந்தபோது பதில் வந்திருந்தது. மூன்று குறிப்புகளுக்கும் நன்றி சொல்லி, திருத்திவிட்டதாக எழுதியிருந்தார்கள். நான்காவதை ஏற்க முடியவில்லை என்றிருந்தது. அந்தப் பகுதிக்குக் கதை எழுதியவரின் பேட்டியைச் சான்றாக இணைத்திருந்தார்கள். நிர்மலா அதையும் வாசித்தாள்.

“இது கல்வராயன் மலையில் ஓர் அம்மா சொன்ன சொந்தக் கதை. உயிரோடு இருப்பவளுக்குப் பால் ஊற்றக் கூடாது என்று அவர் தகப்பன் சொம்பில் தண்ணீர் வைத்தாராம். வடக்கே வேலையில் இருந்து வந்த அண்ணனுக்கு எதுவும் தெரியாது. அவர் பார்த்துவிடக் கூடாது என்று, முறை அதுதான் என்று சொல்லி, முகத்தை மேற்கே திருப்பிவிட்டாராம். முகம் திருப்பியதை மட்டும் தொடரில் வைக்க முடியவில்லை. யாரும் நம்ப மாட்டார்கள் என்றார்கள்.”

என் தாடையில் அப்பாவின் விரல்களை உணர்ந்தேன். கண்ணகியின் கருமாதிக்குத் தந்தி கண்டு, வடக்கே பிலாயில் வேலையிலிருந்து வந்திருந்தேன். காய்ச்சலில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் செத்துவிட்டாள், உடலை அங்கேயே எரித்துவிட்டோம் என்றார்கள். ஏரியில் தண்ணீர் இல்லை. அப்பா என் தாடையைப் பிடித்துத் திருப்பியபோது, நான் அழுவதை ஊர் பார்க்க வேண்டாம் என்று செய்கிறார் என்றும் நினைத்தேன். கல்லை நான் பார்க்கவில்லை. சொம்பையும் பார்க்கவில்லை.

“தண்ணிதாங்க” என்றாள் கொளஞ்சியம்மாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“வூட்டுக் கொடத்துலருந்து மோந்து வெச்சதே நான்தான். மாமா சொன்னாரு.”

“கண்ணகி எங்க இருக்கா?”

“வெள்ளிமலைக்கு மேல. பலாப்பழம் எடுத்துகினு கச்சிராயபாளையம் சந்தைக்கு எறங்கி வருவா. வருசா வருசம் பாக்கறேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“மாமா சத்தியம் வாங்கினாரு. அவரு போனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அவரு கல்லுக்கே நீங்க மேக்கால மூஞ்சியத் திருப்பிக்கினு ஊத்தினீங்க. அதுக்கு மேல இன்னான்னு சொல்றது?”

நான் உட்கார்ந்தேன். நிர்மலா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி படங்களோடு மாலை போட்டு மாட்டியிருந்த அத்தையின் படத்தைத்தான் அவளுக்குத் தெரியும்.

இருசப்பன்தான் முதலில் பேசினான். “அண்ணே, பதில் எதுவும் போடாத. நீ சொன்னது அப்படியே கெடக்கட்டும். இன்னிக்கி மறுத்தாலும், மொற தெரிஞ்ச பெரியவரு சொல்லிட்டாருன்னு நாளைக்கு அவங்களே எடுத்துடுவாங்க. ஒத்துக்கினா நம்ம வூட்டுக் கதைன்னு ஆயிடும். ஒம் பேத்திக்கு வரன் பாத்துகினு இருக்கோம்.”

அவன் சொன்னதில் தவறில்லை. நானாக இருந்தாலும் இன்னொருவனுக்கு அதையே சொல்லியிருப்பேன். ஆனால் நான் சும்மா இருந்தால், மலையில் ஒருத்தி சொன்ன உண்மையைத் தப்பு என்று சொன்னவனாக ஆவேன். அவள் பொய்க்காரி என்று அங்கே நிற்கும். அவளும் என் தகப்பனுக்குப் பிறந்தவள்.

“எழுதிக்கோ” என்றேன் நிர்மலாவிடம். “நான்காம் குறிப்பு தவறு. கட்டுரையில் இருப்பதே சரி.”

“பேரு போடணுமாப்பா?”

“போடு. ஊரையும் போடு.”

இருசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். வாசல் வரை போய்த் திரும்பினான். “பெரியப்பா இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கினு இருப்பாரா?” என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த சந்தையன்று நான் கச்சிராயபாளையம் போனேன். கூட யாரையும் அழைக்கவில்லை. நான் கண்ணகியின் காலில் விழுந்து அழுததாகவும், காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டதாகவும் இருசப்பன் மூங்கில்துறைப்பட்டு வரை சொல்லித் திரிகிறான். அது உண்மையல்ல. நான் எதிரே வெற்றிலைக்காரன் நிழலில் நின்றேன். அவள் முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு பலாவைப் பிளந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.