வலதுகால் பைண்டிங்

இல்லை, பூட்ஸ் மேல் பழி போட முடியாது, இந்த பூட்ஸ் பிடித்துக்கொண்ட மாதிரி வேறெதுவும் இத்தனை வருஷத்தில் அவள் காலைப் பிடித்ததில்லை, ஆட்டம் கீழே இருக்கிறது, பூட்ஸின் நுனியைப் பனிச்சறுக்குப் பலகையோடு கவ்விக்கொள்ளும் பைண்டிங்கில், அதுவும் வலது பக்கம் மட்டும்... தோருன் நின்றாள், கைக்கோலைப் பனியில் ஊன்றி, வலது குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தாள். பலகை நேராகப் போகாமல் இடப்பக்கம் தலையைத் திருப்பியது. இடதுகாலைத் தூக்கினாள், அது சொன்னபடி கேட்டது. சரி, பனிக்கட்டி ஏதாவது அடைத்திருக்கும், ஒரு பிடிப் பனி போதுமே மனுஷியைப் பைத்தியமாக்க, கோல் முனையால் சுரண்டினாள், தட்டினாள், மறுபடி பத்தடி நடந்தாள், மறுபடி அதே ஆட்டம். பனிக்கட்டி இல்லை. பனிக்கட்டி இல்லை என்று முதலிலேயே தெரியும், தெரிந்துகொண்டே சுரண்டினாள், ஏனென்றால் பனிக்கட்டி இல்லையென்றால் அது ஹால்வர் போட்ட திருகாணி, ஹால்வர் போட்ட திருகாணி என்றால்... வேண்டாம், ஈஸ்டர் வாரத்தில் இப்படி ஒரு வெயில், வழிநெடுக நட்டிருக்கும் பிர்ச் குச்சிகளின் நிழல்கூடத் துல்லியமாக விழுகிற நாள், இந்த மேட்டுநிலத்தில் இப்படி நாள் எத்தனை கிடைக்கும், இன்றைக்காவது அவனை யேய்லோவில் வீட்டிலேயே விட்டுவிட்டு வர முடியாதா அவளால்?

முடியாதுதான், முப்பது ஈஸ்டர் புருஷன் முதுகைப் பார்த்தே நடந்தவள், திடீரென்று எதிரே முதுகு இல்லையென்றால் கண் எங்கே போகும். அவன் தடம் போடுவான், அவள் அந்தத் தடத்தில் காலை வைத்து வருவாள், அவன் நிற்கிற இடத்தில் காப்பி, அவனுக்குப் பசித்தால் ஆரஞ்சு உரிப்பது, அவன் திரும்பிப் பார்த்து, "என்ன, உயிரோட இருக்கியா?" என்பான், வருஷா வருஷம் அதே நையாண்டி, வருஷா வருஷம் அவளும் சிரித்துவைத்தாள். அப்போதைய பூட்ஸ்கூட அவன் தங்கை போட்டுக் கழித்தது, இரண்டு சோடி கம்பளிக் காலுறை போட்டால் சரியாகிவிடும் என்றான், சரியாகவே இல்லை, ஒவ்வோர் ஈஸ்டரிலும் கட்டைவிரல் நகம் கறுத்தது, அதையும் மலைக்குப் போனதற்கு ஒரு பதக்கம் மாதிரி எல்லாருக்கும் காட்டினான். போன இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்து அவனுடைய வலது கை பாதி செத்தது. கார் ஓட்டக்கூடாது, மலைக்குப் போகக்கூடாது. பனி விழ ஆரம்பித்ததும் அவனே சொன்னான், "இனிமே நம்ம மலைக் கதை முடிஞ்சுது." நம்ம. அவன் கை விழுந்தால் அவள் காலும் விழுந்ததாம், எவ்வளவு சுலபமாகச் சொன்னான் அந்த வார்த்தையை.

அதனால்தான் கடைக்குப் போனாள். ஆமாம், கோபத்தில் போனாள், யாரிடம் மறைக்க வேண்டும் இதை. கடைப் பெண் குனிந்து அவள் கால்களை அளந்து, ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டாள், "மலையில தடம் போடறது நீங்களா, இல்ல பின்னாடி வர்றவங்களா? தடம் போடறவங்களுக்கு அடி விறைப்பா இருக்கணும், அதான் கேட்டேன்." தோருனுக்கு முகம் சூடாகிவிட்டது. "நான்தான் போடுவேன்" என்றாள், பொய், ஆனால் வாயில் இனித்த பொய். புது பூட்ஸின் அடியில் நுனியோரம் ஓர் எஃகுக் கம்பி, பழைய மூன்று முள் பைண்டிங்கில் அது நுழையாது, ஆகவே புது பைண்டிங்கும் வாங்க வேண்டியதாயிற்று. "பலகைய நாளைக்குக் கொண்டுவாங்க, நாங்களே பொருத்திக் குடுத்துடறோம்" என்றாள் அந்தப் பெண். அதை வீட்டில் வந்து சொன்னதுதான் தப்பு. ஹால்வர் சாப்பாட்டு மேசையிலிருந்து நிமிர்ந்தான். "கடைக்காரன் கையில குடுக்க நான் என்ன செத்தா போயிட்டேன்?" இந்த வீட்டில் எந்தப் பலகையும் பைண்டிங் பொருத்தக் கடைக்குப் போனதில்லை, அவன் அப்பா காலத்திலிருந்து இல்லை, இந்தப் பள்ளத்தாக்கில் பலகையைக் கடையில் கொடுக்கிறவனைப் பார்த்தால், குழந்தைக்குச் சோறூட்ட ஆள் வைத்தவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள். அவளுக்குப் பாவமாகிவிட்டது. அந்தப் பாவம்தான் இப்போது காலடியில் ஆடுகிறது.

ஒரு மதியம் முழுக்கக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தான். பலகையைக் கத்தி விளிம்பில் நிறுத்தி நடு எடை பார்ப்பது, கடையில் தந்த காகித அச்சை ஒட்டுவது, பழைய துளைகளுக்கு மரக்குச்சி அடைப்பது, புதுத் துளையில் பசை விட்டுத் திருகாணி இறக்குவது, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான் அவனுக்கு, முன்பெல்லாம். கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். துளைக்கருவி ஒருமுறை சுழன்றது, நின்றது, அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. "காப்பி வேணுமா?" என்றாள். "உள்ள வராத" என்றான். சாயங்காலம் இரண்டு பலகையையும் சுவரில் சாத்திவிட்டு, "இந்தா, நீ போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்" என்று சிரித்தான். அவள் நன்றி சொன்னாள். பைண்டிங்கை இழுத்துப் பார்க்கக்கூட இல்லை, இழுத்துப் பார்த்திருந்தால் முகத்தில் அறைந்த மாதிரி ஆகியிருக்கும். புதுச் சாமானை வீட்டுக்குப் பின்னால் ஒரு நாள் ஓட்டிப் பார்க்காமல் நேரே மலைக்குக் கொண்டுவருகிற முட்டாள்தனம், வேறு யாராவது செய்திருந்தால் அவளே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

எதிரே ஒருவன் வந்துகொண்டிருந்தான், இடுப்பில் சறுக்குவண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு, பின்னால் மனைவியும் ஒரு நாயும், தார்ச்சாலைப் பக்கம் இறங்குகிறவர்கள். அவள் பனியில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்திருந்ததைப் பார்த்து நின்றுவிட்டான். "என்னங்க, கழண்டுருச்சா? இப்படிக் குடுங்க" என்று பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். முன்திருகாணியைத் திருகினான், அது வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிமானம் இல்லை. கழற்றித் துளைக்குள் பார்த்தான், விசில் அடித்தான். "பழைய துளை மேலேயே பாதி ஏறி உக்காந்திருக்கு. யாருங்க போட்டது இத?" யார் போட்டது. ஒரு பெயர் சொன்னால் போதும், ஊர் பேர் தெரியாத ஒருவனிடம்தானே, சொன்னால் என்ன குறைந்துவிடும்... "நான்தான்" என்றாள் தோருன். அவன் நல்லவன், குத்திக்காட்டவேண்டுமென்று சொல்லவில்லை, "அடுத்த தடவ வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடுங்க, பொம்பளைங்க வேகத்துக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று சிரித்தான். அவன் மனைவி, "ஆமா, நீ போட்ட அலமாரி தாங்குற லட்சணம் எனக்குத் தெரியாதா" என்றாள். இருவரும் சிரித்தார்கள். தோருனும் சிரித்துவைத்தாள். அவன் தீக்குச்சிகளை ஒடித்துத் துளையில் அடைத்து, திருகாணியை இறக்கி, மேலே ஒட்டுநாடாவைச் சுற்றிக் கொடுத்தான். "இதை நம்பாதீங்க. எங்ககூடவே இறங்கி வந்துடுங்களேன்" என்றான்.

போயிருக்கலாம். நேரத்தோடு திரும்புவதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்கிற மலைவிதியை இந்த நாட்டில் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்யவைத்துவிடுகிறார்கள், சாக்லேட் உறைக்குள்கூட அச்சடித்திருக்கிறது, ஆனால் அதை எழுதினவனுக்கு வீட்டில் ஜன்னலோரம் ஒரு ஹால்வர் உட்கார்ந்திருக்கவில்லை. திரும்பிப் போனால் அவன் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டான், அதுதான் கொடுமை, மெதுவாக எழுந்து இடது கையால் காப்பி ஊற்றுவான், அந்தக் காப்பியோடு முடிந்துவிடும் எல்லாம், நம்ம மலைக் கதை. அடுத்த வருஷம் எந்த முகத்தோடு பூட்ஸை எடுப்பாள்? இந்த ஒரு இரவு, கணவாய் தாண்டி இருக்கிற அந்த மலைக்குடிலில், தானே விறகு பிளந்து, தானே பனி உருக்கி, கட்டிலில் தான் நினைத்த பக்கம் தலை வைத்துப் படுத்துவிட்டால் போதும், அப்புறம் யாராலும் அதை இல்லையென்று ஆக்க முடியாது. "நான் போய்க்கறேன், நன்றி" என்றாள். நாய் மட்டும் கொஞ்ச தூரம் அவள் பின்னால் வந்துவிட்டுத் திரும்பியது.

மேலே கணவாய்வரை வந்துவிட்டாள், வலதுகாலை நோயாளி மாதிரி தாங்கித் தாங்கி வைத்து. ஒட்டுநாடா ஒரு பக்கம் பிரிந்துவிட்டது. அந்தப் பக்கம் கீழே குடிலின் கூரை கறுப்பாகத் தெரிந்தது, புகை இல்லை, யாரும் இன்னும் வரவில்லை. இனி நீண்ட இறக்கம், ஏற்றத்தில் ஆடினால் எரிச்சல்தான், இறக்கத்தில் கழன்றால் முட்டியோ முதுகோ... சட்டைப்பையில் போன் இரண்டு முறை அதிர்ந்தது, இங்கே சிக்னல் கிடைக்கும் என்பதை மறந்தே போயிருந்தாள். போனை எடுத்து ஹால்வரைக் கூப்பிட்டாள், எதற்காக? கணவாயில் நிற்கிறேன், தனியாக, என்று அவன் காதில் போடத்தான், வேறென்ன. முதல் மணி முடிவதற்குள் எடுத்தான்.

"வலதுகாலா?" என்றான் ஹால்வர்.

அவள் இன்னும் ஹலோகூடச் சொல்லியிருக்கவில்லை. காற்று போனுக்குள் புகுந்து இரைந்தது. "என்ன வலதுகால்?" என்றாள்.

"இல்ல... சும்மா கேட்டேன். புது பைண்டிங் ஆச்சே. எப்படி இருக்கு?"

தெரியும் அவனுக்கு. கருவி வழுக்கிய அந்த நிமிஷமே தெரியும், அந்த நீண்ட சத்தமில்லாத நேரம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலையில் அவள் காரில் ஏறியபோது வாசல்வரை வந்தானே, கண்ணாடியைத் துடைத்துவிட்டானே, அப்போது ஒரே ஒரு வாக்கியம் போதுமே, வலது பக்கம் சரியா உக்காரல, கடையில காட்டிட்டுப் போ. அதைச் சொல்வதைவிட இவள் மலையில் விழுவது மேலென்று இருந்திருக்கிறது அவனுக்கு. விழக்கூடாதென்று போனைக் கையில் பிடித்தபடி காலையிலிருந்து உட்கார்ந்தும் இருந்திருக்கிறான். இரண்டுமே அவன்தான்.

"நல்லா இருக்கு, அருமையா போட்டிருக்க" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. "சரி" என்றான் ஹால்வர். நிம்மதியா அது, நம்பவில்லையா, இல்லை இப்போதாவது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்து மூடினானா? முப்பது வருஷம் கேட்ட குரல், பிடிபடவில்லை. இணைப்பைத் துண்டித்தாள். இனி நாளை அவள் வீடு திரும்புகிறவரைக்கும் அவன் தூங்கமாட்டான், அது அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னாள், ஒரு வாக்கியம் போதும், திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், சிக்னல் இன்னும் இருக்கிறது. அருமையாகப் போட்டிருக்கிறாய் என்றது அவன் கைக்காகப் பாவம் பார்த்தா, பழி வாங்கவா... அவள் போனை உள்பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்துவிட்டு, வலதுகாலை முன்னால் வைத்தாள்.