ஒரே இழுப்பில்

சின்னவள் கடல் தாண்டிப் போய் ஃபேஷன் இன்டர்ன்ஷிப் சேரப்போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து அவள் அம்மாவின் கால் தரையில் படவில்லை. எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்திவைத்து, "என் பொண்ணு தச்சா யானை இழுத்தாலும் பிரியாது" என்று ஒரு பாட்டம் சொல்லிவிட்டுத்தான் விடுவாள். சும்மா சொல்லக் கூடாது, அது பொய்யும் இல்லை. அவள் தைத்துக் கொடுத்த பேண்ட்டுக்குள் அப்பாவின் தொப்பை வருஷா வருஷம் வளர்ந்தது. இடுப்புத் தையல் ஒரு நூல் விடவில்லை. அந்தப் பேரோடுதான் அவளும் விமானம் ஏறினாள்.

தையல் கூடம் மேல்மாடியில். நீண்ட மேஜைகள், தலையில்லாத பொம்மைகள், ஆவி கக்கும் இஸ்திரிப் பெட்டிகள், தரையெங்கும் குண்டூசி. அங்கே ராஜ்ஜியம் கட்டிங் மாஸ்டரம்மாவுடையது. வந்த அன்றே வெட்டிய பருத்தித் துணியைச் சின்னவள் முன்னால் போட்டாள். பட்டில் கை வைப்பதற்கு முன்னால் மாடல் பெண்ணுக்குப் போட்டுப் பார்க்க ஒரு மாதிரிக் கோட்டு தைக்க வேண்டும்.

சின்னவள் விடுவாளா? பொடிப் பொடித் தையலாகப் போட்டு, ஓரத்தை மடித்து, அதன் மேல் இன்னொரு தையலும் ஓட்டினாள்.

மறுநாள் மாடல் பெண் அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். டிசைனர் தோளைக் காட்டி, "இங்க பிரிச்சுக் கொஞ்சம் இறக்குங்க" என்றார். மாஸ்டரம்மா இழுத்துப் பார்த்தாள். ம்ஹூம். தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை விட்டு நோண்டினாள். அதற்கும் ம்ஹூம். கடைசியில் தையல் அப்படியே இருந்தது, துணிதான் கிழிந்தது. டிசைனர் உதட்டைப் பிதுக்கிவிட்டு வெளியே போய்விட்டார்.

அப்புறம் மாஸ்டரம்மா அந்த ஊர் பாஷையில் பொரிந்து தள்ளியதை நம் பாஷையில் சொன்னால் இப்படித்தான் வரும்: "ஏம்மா, நான் கோட்டு கேட்டேனா, இரும்புப் பெட்டி கேட்டேனா? மாதிரி தைக்கிறதே பிரிச்சுப் பிரிச்சு அளவு சரிபார்க்கத்தான். வெள்ளிக்கிழமை இன்னொண்ணு தச்சுக் காட்டு. அதுவும் இப்படி இருந்தா, தையல் உனக்கு வேணாம். கீழ ரூம்ல உட்கார்ந்து பொத்தான் பொறுக்கு."

சின்னவளுக்கு முகம் செத்துவிட்டது. எதை வைத்துப் பேர் வாங்கினாளோ, அதுவே அவள் காலை வாரிவிட்டது!

மிஷினில் தையலை நீளமாக்குவது பெரிய வித்தையில்லை, திருகைத் திருப்பினால் போதும். கைதான் கேட்க மாட்டேன் என்றது. கடைசிக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்திவிடும். ஒரேயடியாகத் தளரவிட்டாலோ, மாடல் பெண் கையைத் தூக்கியதும் தோள் வாயைப் பிளக்கும். அவள் நடந்தால் தையல் தாங்கவும் வேண்டும், இழுத்தால் வரவும் வேண்டும். துண்டுத் துணிகளில் தைப்பதும் பிரிப்பதுமாகக் கிடந்தாள். போனில் அம்மா, "நல்லா கெட்டியா தைக்கிறியாடி?" என்று கேட்டபோது "ம்ம்" என்று மென்று முழுங்கினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாடல் பெண் நடந்தாள், திரும்பினாள், உட்கார்ந்து எழுந்தாள். எந்தத் தையலும் அசையவில்லை. டிசைனர் மறுபடி அதே தோளைத்தான் காட்டினார், மனுஷன் லேசில் விடுகிற ஆள் இல்லை. மாஸ்டரம்மா நூல் நுனியைப் பிடித்தாள்.

ஒரே இழுப்பு. சர்ரென்று முழுத் தையலும் கையோடு வந்துவிட்டது. துணியில் ஒரு கீறல் இல்லை. டிசைனர் தோளை இறக்கிக் குண்டூசி குத்தி, "அப்பாடா, இதுதான்" என்றார். மாஸ்டரம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "அடுத்த மாதிரியும் இந்தப் பொண்ணே தைக்கட்டும்" என்றாள். பெருமையில் சின்னவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

சாப்பாட்டு வேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா! நான் தச்சது ஒரே இழுப்புல பிரிஞ்சுடுச்சும்மா!"

அம்மா சட்டென்று குரலைத் தாழ்த்தி, "மெதுவா பேசுடி, யாருக்காவது கேட்டுடப் போகுது" என்றாள்.

"கேட்கட்டும்மா! இங்க அப்படி வந்தாத்தான் நல்ல தையல். அடுத்ததும் நீயே தைன்னு சொல்லிட்டாங்க."

சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மாவுக்குத் தலை கால் புரிந்திருக்காது. ஆனால் மகளின் குரல் புரிந்துவிட்டது போலிருக்கிறது. ஜன்னலைத் திறக்கும் சத்தம் போனில் கேட்டது. அதற்குப் பின்னாலேயே, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவதும் கேட்டது:

"ஏங்க, சேதி தெரியுமா? என் பொண்ணு தச்சது ஒரே இழுப்புல பிரிஞ்சுடுச்சாம்!"