நூற்றுப் பதினெட்டு லாரி

மூட்டை தூக்கும் நெட்டையருக்கு மேஸ்திரி தர வேண்டியது நாற்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாய். பகல் கூலி அல்ல. அது வாராவாரம் கைக்கு வந்து, வந்த வேகத்தில் போய்விடும். இது வேலை நேரம் முடிந்தபின் கிடங்குக்கு வந்து நின்ற லாரிகளை இறக்கிய கூலி. லாரிக்கு முந்நூற்றைம்பது. ஒன்றரை வருடத்தில் நூற்றுப் பதினெட்டு லாரி.

"உன்னை நம்பாம இல்ல நெட்டை," என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். "கம்பெனி தாள் கேக்குது. கேட் நோட்டுல லாரி வந்தது இருக்கு, எறக்கினது யாருன்னு இல்ல. தேதியும் லாரி நம்பரும் போட்டு ஒரு தாள் குடு. ஒத்துப்பாத்து வாங்கித் தர்றேன். ஆனா வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வேணும். அதோட இங்க என் ஒப்பந்தம் முடியுது."

நெட்டையர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். தாள்தானே? நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டிப் படித்த மனிதர் அவர். லாரி நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருவார். கை கழுவும் முன், மகளின் லேப்டாப்பில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றிவிடுவார். "அப்பா, கையைக் கழுவிட்டுத் தொடக்கூடாதா?" என்று மகள் கத்துவாள். கழுவினால் கணக்குப் போய்விடுமே!

வியாழக்கிழமை அந்த லேப்டாப்பையே விற்கவேண்டி வந்தது. மகளுக்கு வேலையிடத்தில் புதிது கொடுத்துவிட்டார்கள். வீட்டு வாடகை இரண்டு மாதமாக நின்றுபோயிருந்தது. வாங்குகிறவர் கொடுத்த முன்பணம் முந்தின நாளே வீட்டுக்காரர் கைக்குப் போயாயிற்று. மூன்று மணிக்கு லேப்டாப்பை எடுத்துப்போக வாங்குகிறவர் வருகிறார்.

"புதுசா வாங்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கப் போறேன்ப்பா. உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். உங்க கணக்கை எடுத்துட்டீங்களா?"

"நேத்தே எடுத்தாச்சு." சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா?"

"ஏன், அப்பன் மூட்டை தூக்கத்தான் லாயக்குன்னு நெனச்சியா?"

"சரிங்க ஆபீசர்," என்று சிரித்துவிட்டு அவள் வேலையைத் தொடங்கினாள். கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் அழிக்கவா என்று லேப்டாப் கேட்டது. அழி என்றாள். வெறுமனே அழிக்கவா, பின்னால் யாரும் தோண்டி எடுக்க முடியாதபடி துடைக்கவா என்று மறுபடி கேட்டது. வங்கி விவரமும் போட்டோவும் கிடந்த இயந்திரம். துடை என்றாள்.

பதினொரு மணிக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடை திறந்தது. நெட்டையர்தான் முதல் ஆள்.

"எத்தனை பக்கம்ணே?"

"நாலஞ்சு வரும். பெரிய எழுத்தா போடு தம்பி. காசு குடுக்கற விஷயம்னா எங்க மேஸ்திரிக்குக் கண்ணு தெரியாது."

கடைக்காரர் பென் டிரைவைச் செருகி ஒரு முறை அமுக்கினார். பிறகு இன்னொரு முறை. "அண்ணே, இதுல கணக்கு இல்லையே."

"ஏன் இல்ல? அதோ 'லாரி'ன்னு இருக்கே, நான் வெச்ச பேரு."

"பேரு இருக்குண்ணே. இது வெறும் ஷார்ட்கட். உங்க மெஷின்ல கணக்கு எங்க இருக்குன்னு வழி காட்டற படம், அவ்வளவுதான். ஓரத்துல சின்னதா அம்பு இருக்கு பாருங்க. ஃபைல் மெஷின்லயேதான் இருக்கு. போய் எடுத்துட்டு வாங்க, அஞ்சு நிமிஷ வேலை."

அந்த அம்பை அவர் ஒன்றரை வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தார்.

வீட்டுக்கு ஓடினார். முழங்கால் வேண்டாம் வேண்டாம் என்றது. வீட்டுக்குள் நுழைந்தபோது திரையில் நாற்பத்தொரு சதவீதம்.

"நிறுத்தும்மா! கணக்கு உள்ளயே இருக்கு."

விஷயம் புரிந்ததும் மகள் முகம் வெளுத்துப்போனது. "நிறுத்த முடியாதுப்பா."

"ஒயரைப் புடுங்கு."

"புடுங்கினா மெஷினும் கெட்டுடும். வர்றவருக்கு என்னத்தைக் குடுக்கறது? அதுவுமில்லாம, அழிச்சதை அழிச்சாச்சுப்பா. இப்ப துடைச்சிக்கிட்டு இருக்கு."

நாற்பத்திரண்டு. மூட்டை அடுக்கு சரிந்தால் தோளைக் கொடுத்துத் தாங்கத் தெரியும் அவருக்கு. இதற்கு எந்தப் பக்கம் தோளைக் கொடுப்பது? கையைப் பிசைந்துகொண்டு எதிரே உட்கார்ந்தார். ஐம்பது ஆனது. எழுபது ஆனது. அடுப்பில் ஏதோ தீய்ந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"நான் பாத்திருக்கணும்," என்றாள் மகள்.

"நான்தானே உன்னை விடல."

இரண்டே கால் மணிக்கு வேலை முடிந்தது. திரை பளிச்சென்று வந்து, வணக்கம் சொல்லி, உங்களுக்கு எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்கப்பா, எழுதறேன்."

நெட்டையர் கண்ணை மூடினார். எல்லா லாரியும் வந்தது. சிமெண்டுத் தூசி வந்தது, தார்ப்பாய் ஒழுகி நனைந்து கனத்த மூட்டைகள் வந்தன, கட்டைவிரல் நகம் பெயர்ந்தது வந்தது. நம்பர் மட்டும் வரவில்லை. மகள் பேனாவைப் பிடித்தபடியே காத்திருந்தாள். மூன்று மணிக்கு லேப்டாப் போனபோது தாளில் மூன்று வரி இருந்தது.

மேஸ்திரி அந்த மூன்று வரியையும் கேட் நோட்டோடு வைத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "ரெண்டு ஒத்துப்போகுது. மூணாவது அந்தத் தேதியில வரவே இல்ல."

"மீதி?"

"உன் முதுகையா கொண்டுபோய்க் கம்பெனியில காட்டறது? நீ எறக்கினது எனக்குத் தெரியாதா நெட்டை? எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

குரலில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் நெட்டையருக்குச் சண்டையாவது போட ஒரு வழி கிடைத்திருக்கும்.

மேஸ்திரி எழுநூற்றை எண்ணி வைத்தார். தன் நோட்டில் மிச்சம் நாற்பதாயிரத்து அறுநூற்றின்மேல் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தார். "முடிஞ்சுது. கீழ கையெழுத்துப் போடு."

நெட்டையர் போட்டார். பின்னால் இன்னும் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், நகர்ந்து வழிவிட்டார்.