திறக்காத படம்

அவள் கணவருக்குக் கல்லூரியில் பூட்டுக்காரர் என்று பெயர். படங்களை வேறு யாரும் பார்க்க முடியாதபடி கணினியில் பூட்டிவைப்பதுதான் அவர் ஆராய்ச்சி. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அதன் புள்ளிகளையெல்லாம் கலைத்துச் சாம்பல் நிறக் குருணையாக்கிவிடுவார். சாவி எண்ணைக் கொடுத்தால் படம் பழையபடி வரும். வர வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஃபோன் திருடுபோனது என்று கேள்விப்பட்ட கையோடு, வீட்டுப் படங்களையும் பூட்டினார். பூட்டியதோடு விட்டாரா? அசலை எல்லாம் அழித்தும்விட்டார். அசலை வெளியே வைத்திருந்தால் பூட்டுக்கு என்ன மரியாதை என்று கேட்டார். அவள் ஃபோனில் இடமில்லை என்று அதிலிருந்தவற்றையும் வழித்தெடுத்து உள்ளே போட்டவர் அவர்தான். பிறகு புதுக் கணினி வந்தது, பழையது எக்ஸ்சேஞ்சில் போனது.

அதற்கப்புறம் அவள் தம்பி விபத்தில் போய்விட்டான்.

கல்யாணமாகாதவன். எந்த விசேஷத்திலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பானே தவிர, எதிரே வந்து நிற்க மாட்டான். அவன் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவள் எடுத்தது. மற்றதெல்லாம் அடையாள அட்டைப் படங்கள். அதிலெல்லாம் எதையோ திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி விறைத்துக்கொண்டு இருப்பான். அந்தச் சிரிப்புப் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று கேட்டாள்.

பூட்டுக்காரர் சாவி எண்ணைத் தட்டினார். சாம்பல் குருணை வந்தது. திரும்பத் தட்டினார். திரும்பவும் அதேதான்.

"சாவி சரிதான்," என்றார். "கணக்குப் போடறப்ப ஒவ்வொரு மெஷினும் கடைசி தசம இலக்கத்தைக் கொஞ்சம் வேற மாதிரி வெட்டும். அந்தத் துளி வித்தியாசத்துல மொத்தக் கணக்கும் மாறிடுது. நான் இதுவரைக்கும் பூட்டின மெஷின்லயேதான் திறந்து பாத்திருக்கேன்."

"அப்போ தம்பி படம்?"

"இது பெரிய விஷயம்மா. இந்த முறையில எத்தனை பேர் கட்டுரை எழுதியிருக்காங்க, ஒருத்தருக்கும் இது தோணலையே."

அவர் கண்ணில் பளபளப்பு. அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று முதல் அவருக்குச் சோறு தண்ணி நினைவில்லை. கட்டுரை, கட்டுரை, கட்டுரை. ஏதாவது வழி பார்த்தீர்களா என்று கேட்டால், பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன் என்பார். திரையில் பார்த்தால் கட்டுரையின் அடுத்த பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் கல்லூரித் துறையில் வைத்திருக்கும், முகம் கண்டுபிடிக்கிற மென்பொருளில் அந்தச் சாம்பல் படத்தைப் போட்டுவிட்டு, குதிக்காத குறையாக வந்தார். "முகம் எதுவும் இல்லைன்னு சொல்லிடுச்சு. அந்த அளவுக்குக் கலைஞ்சிருக்கு."

"என் தம்பியைப் பாத்து முகமே இல்லைங்குது. உங்களுக்கு அது சந்தோஷம்."

"அப்படி இல்லம்மா."

"வேற எப்படி?"

அவர் மடிக்கணினியோடு அறைக்குள் போனார். கட்டுரையையும் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார்.

பல வாரம் கழித்து, அவள் மருந்துக் கடை வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, அவர் கூடத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கட்டுரையைப் படித்துப் பார்த்த நிபுணர் பதில் அனுப்பியிருந்தார்.

"சாம்பல் படத்துக்குப் பக்கத்துல அசலையும் போடணுமாம். அசல் எங்கன்னு கேக்கறார்."

"நல்ல மனுஷன். இத்தனை நாளா நான் என்ன பாஷையில கேட்டுட்டிருந்தேன்?"

அவர் மேலே படித்தார். முகம் தெளிந்தது. "பரவால்ல, அசல் இல்லைன்னா வேற ஏதாவது படத்தை வெச்சுக் காட்டினாலும் போதுமாம்."

"காட்டுங்க. அவருக்கு வேற படம் போதும்," என்றாள். "எனக்கு எதைக் காட்டுவீங்க?"

அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். இந்தத் தடவை தசமம், மெஷின் என்று ஒன்றும் வரவில்லை. சாம்பல் படத்தைத் திறந்து, சாவி எதுவும் தட்டாமல், ரொம்ப நேரம் அதையே பார்த்தார். அது ஒரு ஆளின் படம் என்று அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

"மச்சான் அன்னிக்கு எதுக்குச் சிரிச்சான்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அவள் சொல்ல வாயெடுத்தாள். வெளிச்சமான நாள், அவன் நீலச் சட்டை போட்டிருந்தான், அவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. படத்தை ஒரு தரம் பார்த்தால் போதும், சொல்லிவிடுவாள்.